வேடமும் வேதமும்

மதுரை மூதூருக்கு 1606ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் ஒருவர் வந்து சேர்ந்தார். வயது இருபத்தொன்பது. பிறந்த நாடு இத்தாலி. பிறந்த குடி உயர்குடி. செல்வத்தைத் துறந்து, சேசு சபையிற் சேர்ந்து, கடல் கடந்து கோவாவில் இறங்கி, கொச்சியும் முத்துக்குளித்துறையும் கண்டு, நாயக்கர் ஆண்ட மதுரைக்கு வந்தார். பெயர் இராபர்ட் டி நொபிலி. பின்னாளில் தமிழ்நாடு அவரைத் தத்துவ போதகர் என்று அழைத்தது.

அவருக்கு முன்பே அங்கு ஒரு பாதிரியார் இருந்தார். போர்த்துகீசியரான கொன்சாலோ பெர்னாண்டஸ். ஏறத்தாழப் பதினோராண்டுக் காலம் உழைத்தவர். பள்ளி வைத்தார், மருந்து கொடுத்தார், கடற்கரையிலிருந்து வந்து மதுரையில் தங்கிய பரதவக் கிறித்தவர்களுக்குக் கோயிற்பணி செய்தார். ஆயினும் மதுரை மக்களை அவரால் தம் சமயத்துக்கு ஈர்க்க இயலவில்லை. ஏன்? அவர் ‘பரங்கி’. மாட்டிறைச்சி உண்பவர், மது அருந்துபவர், ஊரார் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கியவர்களோடு ஒன்றாய் உட்காருபவர்! அந்தப் பரங்கியின் மார்க்கத்தில் சேர்ந்தால் குலம் கெடும் என்று அஞ்சினர் மேற்குலத்தார்.

நொபிலி இதனைக் கூர்ந்து நோக்கினார். ஒரு முடிவுக்கு வந்தார். மதுரை கிறித்துவை மறுக்கவில்லை, பரங்கியை மறுக்கிறது. ஆகவே பரங்கிக் கோலத்தைக் களைய வேண்டும் என்பது அவர் முடிவு. கறுப்பு அங்கி போயிற்று; காவி வந்தது. நெற்றியில் சந்தனம், காலில் பாதக்குறடு, மார்பில் பூணூல், அந்தப் பூணூலில் ஒரு சிலுவை! புலால் மறுத்தார், நாளுக்கு ஒருவேளை உணவு, சமைப்பதற்குப் பார்ப்பனச் சமையற்காரர். பெர்னாண்டசை விட்டுப் பிரிந்து தனி மனையில் குடியேறினார். அவரோடு உண்பதையும் நிறுத்தினார். தமிழ் கற்றார், தெலுங்கு கற்றார். சிவதருமர் என்ற பார்ப்பனரிடம் வடமொழி பயின்றார். தாம் பரங்கி அல்லர், உரோமாபுரியின் உயர்குடியினர், உலகைத் துறந்தவர் என்று ஊரறிய அறிவித்தார். உங்கள் வேதங்களுள் ஒன்று மறைந்துபோயிற்று என்று நீங்களே கூறுகிறீர்களே, வீடுபேறு தரும் அந்த மறைந்த வேதத்தைத்தான் நான் கொண்டு வந்திருக்கிறேன் என்ற பொருள்படப் போதித்தார். கேட்டவர் வியந்தனர். மேற்குலத்தாரில் சிலர் அவர் பின்னே சென்றனர்.

இவர் போலிப் போதகரா?

வரலாற்றைப் புரட்டும் பகுத்தறிவாளன் நாவில் ‘ஆம்’ என்ற சொல் உடனே எழும். சற்றுப் பொறுக்க வேண்டுகிறேன். வழக்கு அவ்வளவு எளிதன்று.

போலி என்பவன் பிறர் பொருளைத் தன் பையிற் போட்டுக்கொள்ள வேடம் பூணுபவன். நொபிலியோ வேடம் பூண்டு இழந்தார், எதையும் ஈட்டவில்லை. உரோமாபுரி மாளிகைவாழ்வு தேடி வந்திருக்கும். அதை உதறியவர் அவர். தமிழுரைநடை தவழும் பருவத்திலேயே ‘ஞானோபதேசம்’, ‘ஆத்தும நிர்ணயம்’, ‘தூஷண திக்காரம்’ போன்ற நூல்களை எழுதினார். முதுமையில் கண்ணொளி இழந்து, சென்னையைச் சார்ந்த மயிலாப்பூரில் ஒரு குடிசையில் வாழ்ந்து, 1656இல் மறைந்தார். எழுபத்தெட்டு வயதில் குருடராய் ஓலைக் குடிலில் இறந்தவரைப் பணப்பித்தர் பட்டியலில் சேர்ப்பது அறமாகாது.

அவர் சொன்னதில் பொய்யேனும் உண்டா? போர்த்துகீசியர் அல்லர் என்றார், உண்மை. உயர்குடிப் பிறந்தவர் என்றார், அதுவும் உண்மை. துறவி என்றார், ஐயமில்லை. ஒவ்வொரு சொல்லும் உண்மைதான். ஆனால் அச்சொற்களைக் கோத்து அவர் மதுரைக்கு அளித்த தோற்றம் வேறு. பெர்னாண்டஸ் கும்பிடும் கடவுளையே அவரும் கும்பிட்டார். பெர்னாண்டஸ் பணிந்த சபைத் தலைமைக்கே அவரும் பணிந்தார். அந்த உறவு மதுரைத் தெருவில் தெரியக்கூடாது என்பதற்காகவே காவியும் தனிமனையும் தேவைப்பட்டன. உண்மைகளை அடுக்கியே உண்மையை மறைக்க முடியும் என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமோ?

பெர்னாண்டஸ் சும்மா இருக்கவில்லை. 1610இல் மேலிடத்துக்கு முறையீடு எழுதினார். பூணூலும் குடுமியும் சந்தனமும் பிற சமயச் சின்னங்கள், கிறித்தவப் போதகர் அவற்றைப் பூணுவது தகாது என்பது முறையீடு. அவை குலத்தின் அடையாளங்களே, வழிபாட்டின் அடையாளங்கள் அல்ல என்பது நொபிலியின் விடை. 1619இல் கோவாவில் கூடி வாதிட்டனர், முடிவு ஏற்படவில்லை. வழக்கு உரோமாபுரிக்குச் சென்றது. 1623ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் பதினைந்தாம் கிரகோரி என்னும் போப்பாண்டவர் தீர்ப்பளித்தார். மூடநம்பிக்கை கலவாமல், சமூக வழக்கம் என்ற அளவில், பூணூலும் குடுமியும் சந்தனமும் நீராடலும் இருக்கலாம் என்றார். அதே ஆணையில், உயர்குலத்தார் தாழ்ந்தோரை இகழலாகாது, கோயிலில் அவர்களை விட்டு விலகி நிற்கலாகாது என்றும் கேட்டுக்கொண்டார்.

கேட்டுக்கொண்டார்! பூணூலுக்கு ஆணை, சமத்துவத்துக்கு வேண்டுகோள். எது நிற்கும், எது பறக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

நொபிலியின் நோக்கத்தை எடைபோட அவர் உள்ளத்துக்குள் நாம் புக முடியாது. விளைந்ததை எடைபோடலாம். பார்ப்பனச் சந்நியாசிக் கோலத்தில் இருப்பவர் சேரிக்குள் கால் வைக்க இயலாது. வைத்தால் கோலம் கலையும். ஆகவே 1640ஆம் ஆண்டு முதல் சேசு சபையில் இருவகைப் போதகர் தோன்றினர். மேற்குலத்தாருக்குச் சந்நியாசிச் சாமியார்; ஏனையோருக்குப் பண்டாரச் சாமியார். பல்தசார் டா கோஸ்டா என்பவர் பண்டாரக் கோலம் பூண்டவர்களில் முதல்வர். ஒரே கடவுளின் தொண்டர்கள் இரண்டு சாதிகளாயினர். போப்பாண்டவரின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன், 1704இல், ஒடுக்கப்பட்ட கிறித்தவர் நோயுற்றால் அவர் குடிசைக்கே சென்று திருச்சடங்கு செய்ய வேண்டும் என்று ஆணையிட்டார். நாற்பதாண்டுக் காலம் இழுபறி! இறுதியில் 1744இல் பதினான்காம் பெனடிக்ட் காலத்தில் ஒரு வழி கண்டனர்: ஒடுக்கப்பட்டோருக்கென்றே தனிப் போதகர் வைப்பது. சாகக் கிடப்பவன் குடிசைக்குள் நுழைய ஒரு தனி வகைக் குருவைத் தேட வேண்டியிருந்தது என்றால், அந்தக் காவி எவ்வளவு கனமாகிவிட்டது என்பதை எண்ணிப் பாருங்கள்!

சாதியை நொபிலி படைக்கவில்லை. அவர் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அது இங்கே கொலுவிருந்தது. ஆயினும் வாயிலில் நின்ற அதனை, ‘உள்ளே வரலாம், நீ வெறும் வழக்கந்தானே’ என்று அழைத்த கைகளுள் அவருடையதும் ஒன்று. உள்ளே வந்தது வெளியே போகவில்லை. நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் என்ற ஊரில் 1872இல் எழுந்த கத்தோலிக்கக் கோயிலைப் பாருங்கள். பீடம் ஒன்று, பீடத்திலிருந்து பிரிந்து செல்லும் கூடங்கள் இரண்டு. ஒன்றில் வேளாளர், மற்றொன்றில் நாடாரும் பிறரும். ஒரே பூசையைக் கேட்கலாம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை! 1910இல் அந்தத் தடுப்பு அகற்றப்பட்டபோது, பிரிவினை எங்கள் உரிமை என்று வழக்குத் தொடுத்தனர் மேற்குலத்தார். சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்று தோற்றனர். மன்றாட்டுக்குக் கோயில் இருக்க, மதிலுக்கு மன்றம் ஏறினர்!

வள்ளுவர் கூடாவொழுக்கம் என்று ஓர் அதிகாரமே வகுத்தார். புலித்தோல் போர்த்துப் பயிர் மேயும் பசுவையும், புதரில் மறைந்து புள் பிடிக்கும் வேடனையும் அங்கே காட்டினார். கிறித்தவ மறையிலும் ஆட்டுத்தோல் போர்த்த ஓநாய் பற்றிய எச்சரிக்கை உண்டு. மரத்தை அதன் கனியால் அறியும் அளவுகோலும் உண்டு. வேடத்தின் கனி எது என்பதற்கு வடக்கன்குளத்துத் தடுப்பே சான்று.

இது கதையின் முற்பாதி. பிற்பாதி நம் பக்கம் திரும்புகிறது. ஆகவே கூர்ந்து கேட்க வேண்டுகிறேன்.

நொபிலி மறைந்து நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. 1760ஆம் ஆண்டு. தமிழகக் கரையில் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் போரிட்டுக்கொண்டிருந்த காலம். இந்தியாவிலிருந்து தாயகம் திரும்பிய மோதாவ் என்னும் பிரெஞ்சு அதிகாரி ஓர் ஏட்டுப்படியைக் கொண்டுசென்று, ஐரோப்பாவையே தம் எழுதுகோலால் ஆட்டிவைத்த வால்டேரிடம் அளித்தார். ஏட்டின் பெயர் ‘எசூர் வேதம்’. வியாசருக்கும் சுமந்துவுக்கும் இடையே நடக்கும் உரையாடல் அது. வியாசர் புராணக் கதைகளைச் சொல்கிறார். சுமந்து அவற்றை மறுக்கிறார். உருவ வழிபாட்டைச் சாடுகிறார். கடவுள் ஒருவரே என்று நிறுவுகிறார்.

வால்டேர் மகிழ்ந்தார், துள்ளினார் என்றே சொல்லலாம். ஏன்? கிறித்தவத் திருச்சபையின் ஆதிக்கத்தை எதிர்த்து வாழ்நாளெல்லாம் போர் தொடுத்தவர் அவர். ஒரே கடவுள் என்ற கொள்கையை உலகுக்குத் தந்தவர்கள் யூதரும் அவர் வழிவந்த கிறித்தவருமே என்பது சபையின் பெருமிதம். இதோ, மோசேக்கும் முந்திய நாட்டிலிருந்து, அலெக்சாண்டர் படையெடுப்புக்கும் முற்பட்டதென்று அவர் கருதிய ஒரு நூல்! ஒரே கடவுள் கொள்கை இந்தியாவில் முன்பே இருந்தது. நீங்கள் கடன் வாங்கியவர்கள்! இதனினும் கூரிய வாள் கிடைக்குமோ? திருவரங்கத்துத் தலைமைக் குருக்கள் அதனைப் பிரெஞ்சில் பெயர்த்தார் என்ற கதையையும் அவர் நம்பினார், பிறரிடமும் சொன்னார். 1761இல் அந்த ஏட்டை மன்னரின் நூலகத்தில் வைத்தார். 1765இல் வெளிவந்த ‘வரலாற்றின் மெய்யியல்’ என்னும் நூலிலும் அதனைச் சான்றாக எடுத்தாண்டார். 1778இல் எசூர் வேதம் அச்சேறியது. அதே ஆண்டு வால்டேர் மறைந்தார்.

நான்கே ஆண்டுகள் கழிந்தன. 1782இல் சொன்னெரா என்னும் பிரெஞ்சுப் பயணி தம் நூலில் உண்மையை உடைத்தார். அது வேதமன்று, ஒரு கிறித்தவப் பாதிரியார் எழுதி வைத்தது! இந்துக்கள் தம் புராணங்களைக் கைவிட்டுக் கிறித்தவத்தின் பக்கம் வருவதற்குப் பாலமாக இருக்கட்டும் என்று, ஒரு சேசு சபைத் துறவி வேதத்தின் பெயரால் ஆக்கிய நூல்.

நகைப்பதா, நாணுவதா? கிறித்தவத்தைப் பரப்பப் பாதிரியார் செய்த பொய்வேதம், கிறித்தவத்தைத் தகர்க்கப் புறப்பட்ட பகுத்தறிவுப் பெரியாருக்குப் படைக்கலமாயிற்று! பாதிரியாருக்கு அப்பொய் தேவைப்பட்டது. வால்டேருக்கும் அதே பொய் தேவைப்பட்டது. இருவர் தேவையும் எதிர்எதிர்; ஏமாற்றம் ஒன்றே.

வால்டேர் அறிவிலியா? அல்லர். பாமரரை ஏய்க்கும் அற்புதக் கதைகளை நூறு கேள்வி கேட்டுக் கிழித்தவர். ஆனால் இந்த ஏட்டைப் பார்த்து ஒரு கேள்வியை மட்டும் அவர் கேட்கவில்லை: ‘இது மெய்யாயிருக்க வேண்டும் என்று நான் ஏன் இவ்வளவு விரும்புகிறேன்?’ அந்த ஒரு வாயிலைத் திறந்து வைத்தார். பொய் கம்பீரமாக உள்ளே நுழைந்து நாற்காலியில் அமர்ந்தது.

இனிக் காட்சி நம் சென்னைக்கு மாறுகிறது. ஃபிரான்சிஸ் ஒயிட் எல்லிஸ் என்ற ஆங்கிலேயர் சென்னையின் கலெக்டராய் இருந்தார். தமிழர் நெஞ்சில் நிற்க வேண்டிய பெயர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரு தனிக் குடும்பம், வடமொழியின் வயிற்றில் பிறந்தவை அல்ல என்று 1816இலேயே சான்றுகளோடு எழுதியவர். கால்டுவெல்லின் நூல் வந்தது 1856இல். குறளுக்கு உரை கண்டவர். சென்னையில் குடிநீர்த் தட்டுப்பாடு வந்தபோது கிணறுகள் வெட்டுவித்து, குறளைக் கல்லில் பொறித்தவர்.

எசூர் வேதத்தின் மூலப்படிகளோடு அதே வகையைச் சேர்ந்த வேறு ஏடுகளும் புதுச்சேரியில் இருப்பதறிந்து எல்லிஸ் அவற்றை ஆராய்ந்தார். எப்படி? ‘இவை பாதிரிகளின் சூழ்ச்சி’ என்று கூவவில்லை. ‘இவை பழம்பெரும் மறைகள்’ என்று கும்பிடவுமில்லை. ஏட்டைப் பிரித்தார், எழுத்தைப் பார்த்தார். வடமொழிச் சொற்கள் உரோம எழுத்தில் இருந்தன. ‘வேதம்’ என்பது ‘பேதோ’ என்று எழுதப்பட்டிருந்தது. வகரம் வரவேண்டிய இடத்தில் பகரம். அகரம் வரவேண்டிய இடத்தில் ஒகரம். இது வங்காள நாட்டார் ஒலிக்கும் முறையல்லவா? மொழிநடையையும் யாப்பையும் பொருளையும் உண்மையான வேதங்களோடு ஒப்பிட்டார், எதுவும் பொருந்தவில்லை. இவை அண்மைக்காலப் போலிகள் என்று நிறுவினார். 1819இல் எல்லிஸ் இராமநாதபுரத்தில் இறந்தார். அவர் கட்டுரை 1822இல் கல்கத்தாவிலிருந்து வெளிவந்த ‘ஆசிய ஆராய்ச்சிகள்’ பதினான்காம் தொகுதியில் அச்சாயிற்று.

இங்கேயும் ஒரு முடிச்சு உண்டு. ஏடுகளை அவ்வளவு கூர்மையாகச் சோதித்த எல்லிஸ், அவற்றை எழுதியவர் யார் என்பதில் மட்டும் காதில் விழுந்த பேச்சை ஏற்றார். புதுச்சேரிக் கிறித்தவரிடையே ‘நொபிலி எழுதியவை’ என்றொரு பேச்சு வழங்கியது. அதனையே அவரும் எழுதினார். நொபிலியோ மதுரைக்காரர், தமிழறிந்தவர், வங்காள ஒலிப்புக்கும் அவருக்கும் தொடர்பில்லை. எசூர் வேதம் முதலில் பிரெஞ்சிலேயே எழுதப்பட்டது என்றும், பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் துறவி ஒருவரின் வேலை என்றும் 1984இல் லூடோ ரோச்சர் விரிவாக ஆராய்ந்து காட்டினார். அத்துறவி இன்னார் என்று துணிந்து சொல்லச் சான்றில்லை. நொபிலி அல்லர் என்பது மட்டும் தெளிவு.

ஆனால் பழி எளிதில் இறங்குமா? ‘நொபிலி பொய்வேதம் எழுதினான்’ என்ற கதை நூலுக்கு நூல் தாவியது. பாதிரியாரை வெறுத்தவருக்கு அது இனித்தது. பகுத்தறிவு பேசியவருக்கும் இனித்தது. இனித்ததால் எவரும் மூலத்தைக் கேட்கவில்லை. பூணூல் அணிந்தார் என்ற உண்மைக் குற்றச்சாட்டு ஒன்று கையில் இருக்க, வேதம் புனைந்தார் என்ற பொய்க் குற்றச்சாட்டு நமக்கு எதற்கு? பொய்ச் சாட்சி சேர்த்தால் மெய்வழக்கும் தோற்கும்.

இன்றைய நாளுக்கு வருவோம். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலிருந்து ஆவடி வழியாகப் பூந்தமல்லி வரை சென்று, சாலையோரச் சுவர்களைப் படித்துப் பாருங்கள். தீராத நோய் தீரும், கிடைக்காத வேலை கிடைக்கும், வாராத கடன் வரும் என்று அழைக்கும் சுவரொட்டிகள்! சோதிடரும் உண்டு, சாமியாரும் உண்டு, அற்புதப் போதகரும் உண்டு. ஆலை வாயிலில் நிரந்தரமில்லாத வேலைக்குக் காத்திருக்கும் இளைஞனும், மருத்துவமனை வரிசையில் குழந்தையோடு நின்று களைத்த தாயும் அந்தச் சுவரைப் படிக்கிறார்கள். கடன் வாங்கியும் காணிக்கை வைக்கிறார்கள். அவர்களை எள்ளி நகைப்பது பகுத்தறிவன்று. அவர்களுக்கு அந்தச் சொல் ஏன் தேவைப்படுகிறது என்று கேட்பதே பகுத்தறிவு. வால்டேருக்கே வேண்டியிருந்த ஆறுதல், அந்தத் தாய்க்கு வேண்டியிராதா?

கிறித்தவ நண்பர்களுக்கு ஒரு சொல். உங்கள் மறையே உங்களுக்கு உரைகல் தந்திருக்கிறது. பெரோயா என்னும் ஊரார், போதிக்க வந்தவர் பவுல் என்றும் பாராமல், அவர் சொன்னவை மெய்தானா என்று நாள்தோறும் ஏட்டைப் புரட்டிச் சரிபார்த்தார்களாம். அதற்காக அவர்கள் ஏசப்படவில்லை, புகழப்பட்டார்கள். அதே பவுல், தம்மைச் சோதிக்க விரும்பிய கொரிந்து நகரத்தாரை, முதலில் தங்களையே சோதித்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டார். ஆகவே கேள்வி கேட்பவனை ‘விசுவாசமில்லாதவன்’ என்று விரட்டும் போதகர், உங்கள் மறைக்கே புறம்பானவர். அவர் முன் எவர் நாற்காலியில், எவர் தரையில், எவர் வாயிலுக்கு வெளியே என்று பாருங்கள். கணக்குக் கேட்டால் அவர் முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். பிறகு, உங்களை அங்கே அழைத்துச் சென்றது நம்பிக்கையா, அச்சமா, ஆசையா, சாதிப் பெருமையா என்று தனியே இருந்து கேட்டுக்கொள்ளுங்கள்.

பகுத்தறிவுத் தோழர்களே! உரைகல் நமக்கும் உண்டு. அறிவுடைமை அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்த தேர்வு, சொன்னவர் யார் என்று பாராமல் சொல்லின் மெய்யைத் தேடச் சொல்கிறது. எதிரி சொன்னதை மட்டுமா? நம்மவர் சொன்னதையுந்தான்! கைப்பேசியில் ஒரு செய்தி வந்து விழுகிறது. பழம்பெருமை பேசுகிறது, அல்லது பகைவனைப் பழிக்கிறது. படித்ததும் உள்ளம் துள்ளுகிறதா? அந்தத் துள்ளலே எச்சரிக்கை மணி. அப்போது வால்டேரை நினையுங்கள். ஏடு எங்கிருந்து வந்தது, எவர் எழுதினார், எழுத்து எந்த நாட்டு ஒலிப்பு என்று எல்லிஸைப்போல் பாருங்கள். எல்லிஸும் எங்கே வழுக்கினார் என்பதை மறவாதீர்கள்.

பிறர் போர்த்த காவியைக் கலைக்கும் துணிவு நம்மிடம் நிறைய உண்டு. நமக்கு வேண்டிய பொய் வந்து கதவைத் தட்டும்போது அதன் ஊரையும் பேரையும் கேட்கும் துணிவையும் வளர்ப்போம். அப்படிக் கேட்கப் பழகிய இளைஞர் பத்துப்பேர் ஒரு தெருவில் இருந்தால், அத்தெருவில் எந்த வேடமும் நெடுநாள் நில்லாது.